படத்தின் பேர் இல்லாத பாட்டுக்கள்

மான்செஸ்ரரில இருந்து வந்த 'ஸ்மித்ஸ்' எண்ட இண்டி றொக் குழு 1982 இல தொடங்கி 1987 இல கலைஞ்சு போச்சு. அதுக்குள்ள நாலு அல்பம். ஆனால் 'பானிக்', 'ஆஸ்க்' எண்ட ரெண்டு பேர்போன பாட்டும் அந்த நாலிலயும் இல்லை. 1986 இல தனிச் சிங்கிளாத்தான் வந்தது. அப்ப இங்க கனபேர் அப்பிடிச் செய்தவை. ஒரு பாட்டுக்கு ஆக்கள் ரெண்டுதரம் காசு குடுக்கத் தேவையில்லை.

எங்களுக்கும் அப்பிடி ஒரு வகை இருந்தது: இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை. தமிழில அல்பத்தின்ர இடத்தில இருந்தது சினிமா. வானொலியில பாட்டுப் போட்டால் படத்தின்ர பேரும் சேர்ந்து வரும். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 1960களின்ர பிற்பகுதியில, அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில படிக்கிற காலத்தில கிற்றாரோட பாடின 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டுக்களுக்குச் சொல்ல ஒரு படமும் இல்லை. கதாநாயகனும் இல்லை. பைலாத் தாளமும் எங்கட ஊர்க் கதையும்தான்.

இதிலதான் அந்தப் பாட்டுக்களின்ர பலமே இருக்கு. தாங்க ஒரு படம் இல்லாததால பாட்டு தன்ர காலில நிக்கவேணும், கேட்ட உடன ஆளைப் பிடிக்கவேணும். ஏ.ஈ. மனோகரன் பேர்பெறப் பாடின 'சுராங்கனி'யைப் பாருங்கோ. 1977 இல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளயும் அது இளையராஜாவின்ர இசையில போனது. படம் இண்டைக்கு எத்தினை பேருக்கு ஞாபகம்? பாட்டு இல்லாமல் ஒரு கலியாண வீடு முடியிறேல்லை.

ஆனால் நட்டமும் அதிலதான். ஸ்மித்ஸின்ர அந்த ரெண்டு பாட்டையும் 1987 இலயே ஒரு தொகுப்பில சேர்த்துப் போட்டினம். எங்கட பொப் இசைத்தட்டுக்கள் வீடுகளிலதான் கிடந்தது. 1983 கலவரத்தில வீடு எரியேக்க அதுகளும் எரிஞ்சது. 1995 ஒக்ரோபரில வலிகாமமே ஒரு இரவில எழும்பி நடக்கேக்க இசைத்தட்டை ஆர் தூக்கினது? சினிமாப்பாட்டெண்டால் படத்தின்ர பேரைப் போட்டுத் தேடலாம். இதுகளை எந்தப் பேரில தேடுறது?

மனோகரன் 2018 இல சென்னையில காலமானார். 'சுராங்கனி'க்குப் பயமில்லை, அது எல்லாற்ற வாயிலயும் இருக்கு. ஒண்டு ரெண்டு தட்டோட நிண்டுபோன மற்றப் பாட்டுக்காரரை நினைச்சுத்தான் கவலை.

இங்க மிச்சத்திலயோ, கனடாவிலயோ, ஆரின்ர வீட்டிலயாவது பழைய தட்டோ கசற்றோ இருந்தால் எறியாதேங்கோ. ஒருக்கால் கணினியில ஏத்துங்கோ. பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் பேரையும் மறக்காமல் எழுதி வையுங்கோ. அதுகளுக்கு வேற விலாசம் இல்லை.