கார்பன் ரோட் பைக்கைச் சொந்தமாகப் பொருத்துவது: தொழிற்சாலை ஃபிரேம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு லங்காட் மலைச்சாலையிலும் புத்ராஜெயாவிலும் ரோட் பைக் எனப்படும் பந்தய மிதிவண்டிகளை வரிசை வரிசையாகப் பார்க்க முடிகிறது. கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலும், சிங்கப்பூரில் சாங்கி கடலோரச் சாலையிலும் இதே காட்சிதான். அவற்றை ஓட்டுவோரில் நம் இளைஞர்களும் உண்டு. ஓட்டத் தொடங்கி ஓராண்டு ஆனதும் பலருக்குக் கார்பன் ஃபிரேம் மீது ஆசை வருகிறது. கடையில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: சீனத் தொழிற்சாலையிலிருந்து நேரடியாக ஃபிரேமை வரவழைத்து நாமே பொருத்திக்கொண்டால் என்ன?

இப்படி நேரடியாக விற்கப்படும் ஃபிரேம், முன் ஃபோர்க்கும் சீட் கம்பமும் சேர்த்து, பொதுவாக 400 முதல் 700 அமெரிக்க டாலருக்குள் கிடைக்கிறது. மலேசிய மதிப்பில் ஏறக்குறைய 1,700 முதல் 3,000 ரிங்கிட். பெயர்பெற்ற நிறுவனங்களின் வெறும் ஃபிரேமே இதைவிடப் பல மடங்கு விலை என்பதால் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இது ஃபிரேமின் விலை மட்டுமே. கியர், பிரேக், சக்கரம், டயர், ஹேண்டல், சீட் எல்லாம் சேர்ந்தால் மொத்தச் செலவில் ஃபிரேமின் பங்கு பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். இந்தக் கணக்கைப் போடாமல் பணத்தைச் செலுத்திவிட்டு, பாதி பொருத்திய சைக்கிளை ஆறு மாதம் சுவரில் சாய்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயரில்லா ஃபிரேம் வேறு, போலி ஃபிரேம் வேறு

சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள ஷியாமென் நகரும், குவாங்டோங் மாநிலத்தின் ஷென்ஷென் வட்டாரமும் கார்பன் சைக்கிள் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. உலகப் புகழ்பெற்ற பல சைக்கிள் நிறுவனங்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. சீனாவிலோ தைவானிலோ உள்ள ஆலைகளிடம் கொடுத்துத்தான் செய்து வாங்குகின்றன. அதனால் சீனத் தயாரிப்பு என்றாலே தரமில்லை என்று ஒதுக்குவது சரியல்ல. அதே வேளையில், 'பெரிய நிறுவனத்தின் ஃபிரேம் வரும் அதே ஆலையிலிருந்துதான் இதுவும் வருகிறது' என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கார்பன் ஃபிரேம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, கையாலேயே அடுக்கடுக்காக ஒட்டி, உலோக அச்சுக்குள் வைத்து, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்துச் சூட்டில் இறுகச் செய்கிறார்கள். எந்தத் தாளை எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்காக வைப்பது என்பதில்தான் பலம் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஃபிரேம்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு வேறாக இருக்கலாம். விளம்பரங்களில் வரும் டி700, டி800, டி1000 என்ற எண்கள் ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த தரப்பெயர்கள். அடுக்கிய விதத்தைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை.

ஓர் ஆலை தன் சொந்த அச்சில் வார்த்து, யார் கேட்டாலும் விற்கும் ஃபிரேம் பெயரில்லா ஃபிரேம். அதில் ஒளிவுமறைவு இல்லை. பிரபல நிறுவனத்தின் பெயரையும் வண்ணத்தையும் திருடி ஒட்டி விற்பது போலி. தயாரித்தவர் யார் என்பதையே மறைத்த பொருள் முறிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? எவ்வளவு மலிவாக வந்தாலும் போலியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெயரில்லா ஃபிரேமில் முதலில் விற்பவரிடம் கேட்க வேண்டியது, மிதிவண்டிப் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை. அது தாம் வாங்கும் அதே மாடலுக்கானதா, ஃபோர்க்கும் சோதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அறிக்கையை அனுப்ப மழுப்புகிறவரிடம் வாங்காமல் இருப்பது மேல். அனைத்துலக மிதிவண்டிச் சம்மேளனத்தின் ஒப்புதல் முத்திரை, பந்தயத்தில் ஓட்டலாம் என்பதற்கான அனுமதி. அதைப் பலத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெரிய நிறுவனங்களின் பொருளும் முறிவதுண்டு. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் லெ சமின் பந்தயத்தில் மத்தியூ வான் டெர் பூலின் கார்பன் ஹேண்டல் ஓடும்போதே முறிந்தது. கேன்யன் நிறுவனம் அந்த ஹேண்டல் கொண்ட சைக்கிள்களை யாரும் ஓட்ட வேண்டாம் என்று அறிவித்து, பிறகு மாற்றுப் பாகம் கொடுத்தது. பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு இதற்குத்தான். நேரடியாக வாங்கும் ஃபிரேமுக்கு இப்படி ஓர் அழைப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. உத்தரவாதம் உண்டு என்று எழுதியிருந்தாலும் பழுதான ஃபிரேமைத் திருப்பி அனுப்பும் கப்பல் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் மழைக்கும் சாலைக்கும் எது பொருந்தும்

ஃபிரேமின் அளவைச் சட்டை அளவுபோல எஸ், எம், எல் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு எண்கள் முக்கியம். பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டல் குழாயின் மேல்விளிம்பு வரையிலான உயரம் ஸ்டாக்; அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைமட்ட நீளம் ரீச். இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளின் இந்த இரண்டு அளவையும் எடுத்து, புதிய ஃபிரேமின் அட்டவணையோடு ஒப்பிட்டாலே பாதிக் குழப்பம் தீரும். பந்தயக்காரர்களுக்காகச் செய்த தாழ்ந்த, நீண்ட ஃபிரேமை அழகுக்காக வாங்கி முதுகுவலியோடு விற்றவர்கள் குறைவில்லை.

அடுத்தது பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட். இதில் பல வகை உண்டு. பேரிங்கை அழுத்திச் சொருகும் வகையில் துளையின் அளவு இம்மி பிசகினாலும் கிறீச் சத்தம் தொடங்கிவிடும். மழையும் மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிஎஸ்ஏ, டி47 போன்ற மறை உள்ள வகைகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டுவது சுலபம். மலிவு ஃபிரேமில் மறை உள்ளதையே தேட வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பிஎஸ்ஏ வகையில் வலப்பக்கக் கிண்ணம் கடிகாரத் திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் மறையைச் சிதைத்தால் ஃபிரேமே போயிற்று.

கேபிள்களும் பிரேக் குழாய்களும் வெளியே தெரியாமல் ஹேண்டல் வழியாகவே உள்ளே போகும் ஃபிரேம்கள் இப்போது மோகம். பார்க்க அழகுதான். ஆனால் ஹேண்டல் தண்டின் பேரிங் துருப்பிடித்தால் அதை மாற்ற, பெரும்பாலான வடிவமைப்புகளில் பிரேக் குழாயையே அறுத்து எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். வியர்வையும் மழையும் விடாத நம் நாட்டில் மேல் பேரிங் சீக்கிரம் கெடும். முதன்முறையாகப் பொருத்துபவருக்கு, கேபிள் ஃபிரேமின் கீழ்க்குழாயில் நுழையும் பழைய முறையே நிம்மதி.

தோட்டச் சாலைகளில் செம்பனைக் குலை லோரிகள் போட்ட குழியும் சரளையும் இருப்பதால், குறைந்தது 28 மில்லிமீட்டர் டயர் தாராளமாக நுழையும் ஃபிரேம் வேண்டும். 32 நுழைந்தால் இன்னும் நல்லது. டிஸ்க் பிரேக் ஃபிரேமே இன்று பொது வழக்கு. பழைய ரிம் பிரேக் ஃபிரேம் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் அதற்கு அலுமினியச் சக்கரத்தையே போட வேண்டும். கெந்திங், கேமரன் மலை போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக் கட்டை உரசும் சூட்டில் மலிவுக் கார்பன் ரிம் உருகிப் பிளக்கும் அபாயம் உண்டு. கொக்கி விளிம்பில்லாத புதுவகை ரிம் என்றால் காற்றழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது. டயரும் அதற்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கியர் செட்டும் பழைய பாகங்களும்

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் கியர் செட்தான். ஷிமானோவின் 105 வரிசையே நடுத்தர ஓட்டுநருக்குப் போதும். அதற்குக் கீழே டியாக்ரா இருக்கிறது. 1973-இல் சிங்கப்பூரில் ஆலை திறந்த ஷிமானோவுக்கு ஜொகூர் பொந்தியானிலும் ஆலை உண்டு. உதிரிப் பாகங்களும் பழுதுபார்ப்பவர்களும் சிறு பட்டணங்களில்கூடக் கிடைப்பார்கள். எல்-டூ, சென்சா போன்ற சீனக் கியர்கள் இன்னும் மலிவு. ஆனால் ஒரு லீவர் உடைந்தால் மறுபடியும் பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டும். எந்த நிறுவனமானாலும் லீவர், பின் டிரெய்லர், பிரேக் மூன்றையும் ஒரே தொடரில் வாங்குவது தலைவலியைக் குறைக்கும்.

பழைய பாகம் வாங்கிச் சிக்கனப்படுத்துவோர் கிராங்க் விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். 2012-க்கும் 2019 நடுப்பகுதிக்கும் இடையே தயாரான, 11 கியர் வகை அல்டெக்ரா, டுரா-ஏஸ் கிராங்க்குகளில் ஒட்டுப் பிரியும் குறை காணப்பட்டதால், 2023 செப்டம்பரில் ஷிமானோ அவற்றைச் சோதனைக்கு அழைத்தது. எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100 ஆகியவை அந்த மாடல்கள். பழைய சந்தையில் அதிகம் புழங்குபவையும் இவைதாம். கிராங்க்கின் உட்புறத்தில் உள்ள எழுத்துக் குறியீட்டைப் படமெடுத்து, சோதனை முடிந்ததா என்று உறுதிப்படுத்திய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலேசியாவில் இணையம் வழி வெளிநாட்டிலிருந்து வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டவை சுங்கத்துறையின் வழக்கமான வழியில் வரும். முழுப் பந்தய மிதிவண்டிகளுக்கும் 2025 ஜூலை முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. சில விற்பனையாளர்கள் பார்சலில் விலையைக் குறைத்து எழுதித் தருவதாகச் சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம். வழியில் ஃபிரேம் உடைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

பெட்டி வந்த பிறகு

பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துக்கொள்வது பிற்பாடு வழக்காட உதவும். டார்ச் லைட்டை எடுத்து ஃபிரேமின் உள்ளே பார்க்க வேண்டும். சுருக்கங்கள், தளர்ந்து தொங்கும் இழைகள், பெடல் அச்சுப் பகுதியிலும் ஹேண்டல் குழாயிலும் வெடிப்பு இருந்தால் ஒரு பாகத்தையும் மாட்டாமல் விற்பவருக்குப் படம் அனுப்ப வேண்டும். மாட்டிய பிறகு இத்தகைய குறைக்கு இழப்பீடு கேட்பது கடினமாகலாம். பின்சக்கரம் இரு தண்டுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பொருத்திப் பழகியவர்களுக்கு இந்த வேலை கடினமல்ல. ஒரே சிக்கல், கைபலத்தை நம்பி 'இன்னும் ஒரு சுற்று' இறுக்கும் பழக்கம். இரும்பு அதைத் தாங்கும். கார்பன் சத்தமில்லாமல் நொறுங்கும். ஹேண்டலைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். அளவு அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளவு காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் கார்பனில் கை வைக்கக் கூடாது. சீட் கம்பத்துக்குக் கிரீஸ் பூசாமல், மணல்போல் சொரசொரப்பான கார்பன் பசையைப் பூச வேண்டும். குறைவான இறுக்கத்திலேயே அது கம்பத்தை நழுவாமல் பிடிக்கும்.

உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு என்றால் அது ஃபோர்க்கின் மேல்தண்டு. அது முறிந்தால் ஹேண்டல் கையோடு வந்துவிடும். அதை வெட்டும் முன், ஸ்டெம்மையும் வளையங்களையும் மாட்டிக் குறித்து, முதலில் சற்று நீளமாகவே வெட்டி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு இறுதி அளவுக்கு வரலாம். நெருக்கமான பல் கொண்ட ரம்பத்தால், ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து அறுக்க வேண்டும். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்டுக்குள் செல்லும் விரியும் அடைப்பான், ஸ்டெம் இறுக்கும் இடத்துக்கு நேர் உள்ளே நிற்க வேண்டும். அலுமினியத் தண்டுக்கு அடிக்கும் நட்சத்திர நட்டைக் கார்பனில் அடித்தால் உள்சுவர் கீறிவிடும். மேல்மூடியின் போல்ட் பேரிங்கின் ஆட்டத்தை நீக்க மட்டுமே. பிடிமானம் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளில் இருக்கிறது. தண்டு வெட்டுவதற்கும் பிரேக் குழாயில் காற்று நீக்குவதற்கும் கைநடுக்கம் இருந்தால், அந்த இரண்டு வேலையை மட்டும் கடையில் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதற்குத் தரும் கூலி மிச்சப்படுத்திய பணத்தில் சிறு பகுதிதான்.

இதுவரை சைக்கிளே வைத்திராதவர் இந்த வழியில் தொடங்க வேண்டாம். நல்ல அலுமினிய ஃபிரேமுக்கும் மலிவுக் கார்பன் ஃபிரேமுக்கும் எடை வித்தியாசம் அரைக் கிலோ அளவே. பயன்படுத்திய அலுமினிய சைக்கிளில் ஓராண்டு ஓட்டினால் தம் அளவும் தேவையும் தெரிந்துவிடும். அதன் சக்கரமும் கியரும் பிறகு கார்பன் ஃபிரேமுக்கு மாறலாம். பணம் பிடிக்கும் பாகங்கள் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பொருத்தி முடித்த சைக்கிளை நேராக மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு அருகில், சமதளத்தில், மெதுவாக ஓட்டி, முன்பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் அளவோடு மீண்டும் சரிபார்க்க வேண்டும். கீழே விழுந்தாலோ, குழியில் பலமாக மோதினாலோ ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த சவாரி கிடையாது. நாணயத்தால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒலி சரியாக இருந்தாலும், சந்தேகம் தீராத ஃபோர்க்கை மாற்றிவிட வேண்டும். பின் டிரெய்லரைத் தாங்கும் சிறிய ஹேங்கர் துண்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறுபடும். உள்ளூர்க் கடையில் கிடைக்காது. அதை மட்டும் ஃபிரேம் வாங்கும்போதே கூடுதலாக இரண்டு சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும்.