பொம்மை ஹெலிகாப்டர்: உள்ளரங்கப் பயிற்சி

பொம்மை ஹெலிகாப்டர் என்பது, ஏறத்தாழ 20 செ.மீ. நீளமும் 40 கிராமுக்கு உட்பட்ட எடையும் உடையதாய், சிறு மின்கலத்தின் சக்தியால் சுழலும் இறக்கைகளைக் கொண்டு நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பி, ரிமோட் கருவியின் ஆணைக்கு இணங்கி அறைக்குள் பறக்கும் யந்திரமாகும். காற்றின் அசைவு இதற்குப் பெரும் பகை. சாமை தூற்றுவதற்குப் போதாத மென்காற்றுங்கூட இதனை அலைக்கழித்துவிடுமாதலின், ஜவ்வாது மலை போன்ற உயர்நிலங்களில் பள்ளிக்கூட அறை, சமுதாயக் கூடம் முதலிய மூடிய இடங்களே இதற்கு உரிய களங்களாம்.

அமைப்பு

சுழலி ஒரு திசையில் சுழலுந்தோறும் யந்திரத்தின் உடல் மறு திசையில் திரும்ப முற்படுவது இயற்கை நியதி. இந்தியப் படைகள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சேத்தக் ஹெலிகாப்டரில் இத்திருகலை வாலிலுள்ள சிறு சுழலி தடுக்கிறது. பெரும்பாலான பொம்மைகளிலோ, நமது கடற்படையின் காமோவ்-31 ஹெலிகாப்டரிற் போலவே, ஒரே அச்சில் மேலும் கீழுமாக அமைந்த இரு சுழலிகள் எதிரெதிராகச் சுழன்று ஒன்றன் திருகலை மற்றொன்று சமன் செய்கின்றன. இரண்டனுள் ஒன்றன் வேகம் சிறிது மிகுந்தால் பொம்மை இடமாகவோ வலமாகவோ திரும்பும். இரண்டும் ஒருங்கே மிகுந்தால் மேலே ஏறும். வாலில் கிடையாக அமைந்த சின்னஞ்சிறு சுழலி வாலைத் தூக்கினால் முன்னோக்கியும், தாழ்த்தினால் பின்னோக்கியும் நகரும். பக்கவாட்டில் நகர்த்துவதற்கு வழியில்லை.

மேற்சுழலியின்மீது, இரு முனைகளிலும் எடை பொருந்திய தண்டு ஒன்று சுழல்வதைக் காணலாம். இது சமநிலைத் தண்டு எனப்படும். பொம்மையின் உடல் ஒரு பக்கம் சாய்ந்தாலும், வேகமாகச் சுழலும் இத்தண்டு தன் பழைய தளத்தை எளிதில் விடாமையால், தன்னோடு பிணைந்த இறக்கைகளின் கோணத்தை மாற்றிச் சாய்வை நிமிர்த்திவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் மின்னணுக் கைரோஸ்கோப், மூக்கு தானாகத் திரும்பாதபடி காக்கிறது.

வரலாறு

ஹெலிகாப்டர் கூரையின் கீழ்ப் பறந்த வரலாறு பொம்மைகளுக்கு முற்பட்டது. 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ஷ் என்ற ஜெர்மானிய வீராங்கனை, பெர்லின் நகரத்து டாய்ச்லாந்து மண்டபத்தினுள், மக்கள் திரள் கண்டு நிற்க, ஃபோக்கே-வுல்ஃப் 61 என்னும் ஹெலிகாப்டரை ஓட்டிக் காட்டினார். சமநிலைத் தண்டை உருவாக்கிய அமெரிக்கர் ஆர்தர் யங், சிறு மாதிரிகளைக் கொண்டே பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1941ஆம் ஆண்டில் பெல் விமானக் கம்பெனியிற் சேர்ந்தார். அவருடைய உழைப்பின் பயனாகிய பெல் 47, 1946ஆம் ஆண்டில் குடிமக்கள் உபயோகத்திற்கு அரசினரின் சான்று பெற்றது. பெரிய யந்திரத்திற்காக மாதிரியில் சோதித்த தண்டு, பிற்காலத்தில் பொம்மைக்கே உயிர்நாடியாகத் திரும்பி வந்தது.

ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரை, 1970ஆம் ஆண்டை ஒட்டி, ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் வெற்றிகரமாகப் பறக்கவிட்டார். பெல்ஜியத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் வான் டி ராஸ்டைன் வகுத்த பிக்கூஸ் என்னும் பொம்மையை 2006ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் சில்வர்லிட் கம்பெனி வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 10 கிராமே. பின்னர்ச் சைமா எஸ்107 போன்ற இரட்டைச் சுழலிப் பொம்மைகள் மலிந்த விலையில் உலகெங்கும் பரவின.

மலைநிலத்தின் இயல்பு

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய்த் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. இங்குள்ள காவலூரில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருக்கிறது. அவ்வுயரத்தில் வாயுவின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. ஆகவே, சென்னையில் அந்தரத்தில் நின்ற அதே பொம்மை காவலூரில் நிற்க வேண்டுமாயின், அதன் சுழலிகள் சுமார் மூன்றரை சதவீதம் விரைவாகச் சுழலுதல் வேண்டும். சக்திச் செலவும் அவ்வளவுக்கு மிகும். மலையின் மார்கழிக் குளிரோ மின்கலத்தின் வலிமையைப் பின்னும் குறைக்கும். வழக்கமாக ஆறு முதல் எட்டு நிமிஷம் நீடிக்கும் பறப்பு இங்குச் சற்றே சுருங்குவது இவ்விரு காரணங்களாலேயாம்.

ஆணை அகச்சிவப்புக் கதிரால் அனுப்பப்படும் பொம்மைகளுக்கு வெயிலும் இடையூறாகும்; சூரிய ஒளியில் அக்கதிர் மிகுதியாக இருத்தலால் ஏற்பியானது ஆணையைப் பிரித்தறிய மாட்டாது. எனவே, கதவு சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திய பின்பே தொடங்குதல் வேண்டும்.

பயிற்சி முறை

தரையை ஒட்டி மெல்ல எழுப்புவது பாதுகாப்பு என்று கற்பவர் கருதுவது இயல்பு. உண்மை இதற்கு மாறானது. சுழலி கீழே தள்ளும் காற்று தரையில் மோதிச் சிதறி மேலே மீளுமாதலால், தரைக்கு அருகிலேதான் தடுமாற்றம் மிகுதி. ஆகையால் தயங்காமல் இடுப்பளவு உயரத்திற்கு ஏற்றி, அங்கே நிறுத்தப் பழக வேண்டும். சுவர் ஓரத்திலும் இத்தகைய சுழற்காற்று உண்டு. கூரையை நெருங்கினாலோ சுழலி அதனை நோக்கி ஈர்க்கப்படும். அறையின் நடுவே, தரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியே சிறந்த இடம்.

விசைக்கோலைத் தள்ளியவுடன் பொம்மை ஏறுவதில்லை. சுழலியின் வேகம் மாறச் சிறிது நேரம் செல்லும். அதற்குள் பொறுமையிழந்து மேலும் தள்ளுபவர், அது கூரையை நோக்கிப் பாயக் கண்டு கோலை முற்றும் இழுக்க, அது தரையை நோக்கி வீழும். கோலை இம்மியளவே அசைத்து, அதன் பலன் தெரியும்வரை கையை அடக்கி வைப்பதே முதற் பாடம். அந்தரத்தில் நிற்கும்போது மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பின், அதனை ரிமோட்டிலுள்ள திருத்தக் குமிழால் சரிசெய்யலாம்.

அடுத்த பாடம் திசையறிவு. அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளித் தளத்தின் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியில் கற்பவர் யந்திரத்தினுள் அமர்ந்திருப்பதால், அவரது இடமே யந்திரத்தின் இடமாகும். வெளியே நிற்கும் பொம்மை ஓட்டிக்கு இவ்வசதி இல்லை. பொம்மையின் மூக்கு தம்மை நோக்கித் திரும்பிய கணத்தில் இடமும் வலமும் மாறிவிடுகின்றன. முதலில் வாலைத் தம்பக்கம் வைத்து நிறுத்தியும் இறக்கியும் பழகி, பின்னர்ப் பக்கம் காட்டி நிறுத்தி, முகம் நோக்கி நிறுத்தி, இறுதியாக வட்டமும் எட்டுப் போன்ற வடிவமும் வரையக் கற்பதே முறை.

மோதல் நேரும் என்று தோன்றியவுடன் விசையைத் துண்டிக்க வேண்டும். தடைப்பட்ட இறக்கையை மோட்டார் தொடர்ந்து சுழற்ற முயன்றால், பற்சக்கரம் தேயும், மோட்டாரும் கருகும். இயங்கும் பொம்மையைக் குழந்தைகளின் முகத்தருகே கொண்டுசெல்லலாகாது. லித்தியம் பாலிமர் மின்கலத்தைச் சூடு ஆறிய பின்பே, கண்காணிப்பில் வைத்துச் சார்ஜ் செய்தல் வேண்டும்.

விதியும் எல்லையும்

2021ஆம் ஆண்டின் இந்திய டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்படாத ஆளில்லா விமானங்களை நானோ வகையில் சேர்த்து, அவற்றை ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டியதில்லை என விலக்களித்துள்ளன.

இப்பயிற்சியின் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. சமநிலைத் தண்டு தானே நிமிர்த்திக் கொடுப்பதால், சாய்வைக் கணந்தோறும் கையால் திருத்தும் வித்தை இதில் பயிலப்படுவதில்லை. ஒற்றைச் சுழலி மாதிரிக்கு மாறுபவர் அதனைப் புதிதாகவே கற்க வேண்டியவராவார். திசை மாறியபோது மயங்காத அறிவும், ஆணையிட்ட பின் அதன் பலனுக்குக் காத்திருக்கும் கையடக்கமுமே எவ்வகை யந்திரத்திற்கும் உடன் வருவன.