தென் எத்ரூரியாவின் பானை ஓடுகள்

ரோமாபுரியின் கிராக்கஸ் சகோதரர்களில் மூத்தவனான டைபீரியஸ், ஸ்பெயின் தேசத்து யுத்தத்துக்குச் செல்லும் வழியில் எத்ரூரியாவைக் கடந்தபோது, அந்த நிலம் குடியானவர்கள் அற்றுப்போய், அயல்நாட்டு அடிமைகளே உழுதும் மேய்த்தும் வருவதைக் கண்டு மனம் நொந்தான் என்றும், கி.மு. 133-இல் அவன் கொண்டுவந்த நிலச் சட்டத்துக்கு அதுவே வித்து என்றும் அவன் தம்பி எழுதி வைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கூறுகிறார். நெடுங்காலம் இந்தக் கூற்றே அப்பிரதேசத்தின் கிராம வாழ்க்கைக்குச் சரித்திரமாக நின்றது. குடியானவன் தன் கதையை எழுதி வைக்கவில்லை. அவன் விட்டுச் சென்றவை உடைந்த பாத்திரங்களும் கூரை ஓடுகளுமே.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், ரோமாபுரிக்கு வடக்கேயுள்ள தென் எத்ரூரியாவில் நெடுநாள் தரிசாகக் கிடந்த நிலங்களிலும் டிராக்டர்கள் ஆழ உழத் தொடங்கவே, அந்த ஓடுகள் குவியல் குவியலாக மேலே வந்தன. அடுத்தடுத்த உழவுகளில் அவை பொடியாகிவிடும் என்று உணர்ந்து, ரோமிலுள்ள பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக 1946 முதல் 1974 வரை விளங்கிய ஜான் வார்ட்-பெர்கின்ஸும் அவருடைய சகாக்களும் வயல் வயலாக நடந்து, ஓடுகளைப் பொறுக்கி, கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தார்கள். அந்த இடக்குறிப்புகள் இல்லாதிருந்தால், பின்வந்தவர்களுக்கு அந்த ஓடுகள் வெறும் மண் துண்டுகளாகவே போயிருக்கும்.

பாழ்நிலம் என்று பேர் பெற்ற பிரதேசத்தில் சிறு பண்ணைகளின் தடயங்கள் நெருக்கமாகத் தென்பட்டபோது, புளூட்டார்க்கின் கூற்று ஆட்டம் கண்டது. ஆயினும் தீர்ப்புக்கு அவசரப்படுவது நியாயமாகாது. டைபீரியஸ் இந்த வயல்களைக் காணாமல் கடற்கரைச் சாலை வழியே சென்றிருக்கவும் கூடும். தவிர, அந்தப் பண்ணைகளின் காலத்தைக் காட்டும் கருமெருகு பூசிய பாத்திரங்கள் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தவை; அந்தக் காலத்தில் என்றோ ஒருநாள் ஒரு பண்ணை இருந்தது என்று மட்டும் சொன்னால், டைபீரியஸின் சாட்சியம் மெய்யாகவும் மாட்டாது, பொய்யாகவும் மாட்டாது.

இங்கேதான் பழைய சேகரிப்பை மீண்டும் திறந்து பார்ப்பதன் மேன்மை விளங்குகிறது. உதாரணமாக, பிற்காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்மெருகுப் பாத்திரங்களின் காலவரிசையைத் தொல்லியல் அறிஞர் ஜான் ஹேய்ஸ் 1972-இல் விரிவாக நிர்ணயித்த பிறகு, அதற்கு முன்பே பொறுக்கப்பட்ட ஓடுகளும் புதிய செய்தியைச் சொல்லும் தகுதி பெற்றன. 1997-இல் ஹெலன் பேட்டர்சன் தலைமையில் தொடங்கிய டைபர் பள்ளத்தாக்குத் திட்டம் அந்த ஓடுகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தது. அதன் விரிவான முடிவுகள் 2020-இல் நூலாயின. இதற்குள் ரோமின் புறநகர் வளர்ந்து, பழைய வயல்கள் பலவற்றின்மேல் வீடுகள் எழுந்துவிட்டன. திரும்பிப் போய்ப் பொறுக்குவதற்கு அவ்விடங்களில் இனி மண்ணே இல்லை.

சேகரித்தவர்களின் ருசியும் இதில் கலந்திருக்கிறது. மெருகேறிய துண்டு கண்ணில் படும். கரிபிடித்த அடுப்புச் சட்டியின் துண்டு காலடியிலேயே தங்கிவிடும். ஆகையால் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குப் பின் பண்ணைகள் குறைவதாக ஓடுகள் காட்டும்போது, குடிகள் மறைந்தார்களா, அல்லது கடல் கடந்து வந்த தட்டை வாங்கும் சக்தி மட்டும் மறைந்ததா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காணவே, மறு ஆராய்ச்சியில் உள்ளூர்ச் சமையல் பாண்டங்களுக்கும் காலம் கணிக்க முற்பட்டார்கள்.