ஆசனமும் இளைப்பாற்றுச் சம்பளமும்

முன்னாள் சனாதிபதிகளுக்கும் அவர்தம் விதவையருக்கும் 1986ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்பட்டுவந்த வீடு, வாகனம், செயலாளர் படி முதலிய உரிமைகளை நீக்கும் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி நிறைவேற்றியது. சார்பாக 151 வாக்குகள். எதிராக ஒரேயொரு வாக்கு. மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் நியாயமும் உண்டு. ஆயினும், அம்மகிழ்ச்சியின் வேகத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளமே வேண்டியதில்லை, விலகிச் செல்லும்போது ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை, சேவைக்கென்று வந்தவர் சேவை செய்துவிட்டுப் போகட்டும் என்று பேசுவோரும் எம்மிடையே உளர். கேட்பதற்கு இது புரட்சிகரமான பேச்சுப்போலத் தோன்றும். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இது நிலப்பிரபுக்களின் வாயிலே பிறந்து வளர்ந்த பேச்சென்பது புலனாகும்.

எமது பாராளுமன்ற முறைக்குத் தாயகமான இங்கிலாந்திலே, மத்திய காலத்தில், கோட்டத்துப் பிரதிநிதிக்கு நாளொன்றுக்கு 4 சிலிங்கும் நகரத்துப் பிரதிநிதிக்கு 2 சிலிங்கும் கூலியாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கொடுத்தவர் அரசர் அல்லர். அனுப்பிவைத்த ஊராரே கொடுத்தனர். 17ஆம் நூற்றாண்டில் அவ்வழக்கம் தேய்ந்து மறைந்தது. ஹல் நகரத்தின் பிரதிநிதியாக இருந்து 1678இல் இறந்த கவிஞர் அன்ட்றூ மார்வல், ஊராரிடம் கூலி பெற்ற கடைசிச் சிலருள் ஒருவராகக் குறிப்பிடப்படுவார். கூலி கேளாத செல்வர் வரத் தொடங்கினர். ஊராருக்குச் செலவு மிச்சமாயிற்று. ஆசனமோ செல்வருக்கே உரியதாயிற்று. 1710ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதனை ஒளிவுமறைவின்றிக் கூறியது. கோட்டத்துப் பிரதிநிதியாக விரும்புவோனுக்கு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 600 பவுண் வருமானமும், நகரத்துப் பிரதிநிதியாக விரும்புவோனுக்கு 300 பவுண் வருமானமும் இருத்தல் வேண்டும். கைம்மாறு கருதாச் சேவை என்னும் இலட்சியத்துக்குக் காவலாக நின்றது இந்த 600 பவுண்.

1838இல் வெளியான மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளைப் பாடநூல்களில் மாணவர் மனனஞ் செய்கின்றனர். வயதுவந்த ஆடவர் யாவருக்கும் வாக்கு, இரகசிய வாக்களிப்பு என்பன எல்லார்க்கும் நினைவிருக்கும். சொத்துத் தகைமையை ஒழித்தல், அங்கத்தவருக்குச் சம்பளம் கொடுத்தல் என்னும் இரண்டையும் சேர்த்து நினைப்போர் குறைவு. சாசனவாதிகள் அவற்றைச் சேர்த்தே நினைத்தனர். நெசவாளியொருவன் வாக்குப் பெற்றாலும், வேறொரு நெசவாளியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியாவிட்டால், அந்த வாக்கு எசமானர் இருவருள் ஒருவரைத் தெரியும் உரிமையாகவே முடியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சொத்துத் தகைமை 1858இல் ஒழிந்தது. சம்பளம் வருவதற்கு மேலும் 53 ஆண்டுகள் சென்றன.

அந்த இடைக்காலத்தில் தொழிலாளர் தாமே தம் பிரதிநிதிகளைத் தாங்கினர். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கிய தோமஸ் பேட் 1874இல் பாராளுமன்றம் புகுந்தபோது, அவரது வாழ்க்கைச் செலவை நோதம்பலாந்துச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது. இம்முறை பரவிற்று; தொழிற்கட்சியும் இதன்மீதே எழுந்தது. 1909ஆம் ஆண்டு டிசம்பரில் இடி விழுந்தது. புகையிரதத் தொழிலாளர் சங்கமொன்றின் கிளைச் செயலாளரான ஒஸ்போன் என்பார் தொடுத்த வழக்கில், தொழிற்சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடுதல் சட்டத்துக்கு மாறானதெனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பரம்பரைச் சொத்தில் வாழும் உறுப்பினரின் வருமானத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குள்ளாக்கவில்லை. கூலியாட்கள் பென்னி பென்னியாகச் சேர்த்த பணமே சட்டவிரோதமாயிற்று. 1910 டிசம்பர்த் தேர்தலில் வென்ற தொழிற்கட்சி உறுப்பினர் 42 பேரின் நிலை இதனால் அந்தரத்தில் தொங்கியது. 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி பொதுமக்கள் சபை அங்கத்தவருக்கு ஆண்டுக்கு 400 பவுண் கொடுப்பதெனத் தீர்மானித்தது. பிரபுக்களின் தடையதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்துக்குப் பிரபுக்கள் சபையே தலைவணங்கிய நாளும் அதுவே. நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ், இது ஊதியமன்று, உதவிப்படியே என்று பசப்பவேண்டியிருந்தது. கனவான்களின் மனம் நோகக்கூடாதல்லவா!

இனி, பதவியிழந்த பின் என்ன? தோல்வியுற்ற நிலப்பிரபு தன் மாளிகைக்குத் திரும்புவான். வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குத் திரும்புவார். சங்கச் செயலாளருக்கோ சுரங்கத் தொழிலாளிக்கோ ஐம்பத்தைந்து வயதில் திரும்பிச் செல்ல என்ன இருக்கிறது? முன்னாள் அங்கத்தவர் சிலர் வறுமையில் வாடிய செய்தி வெளிப்பட்டபின், 1939இல் ஒரு நிதி அமைக்கப்பட்டது. ஒவ்வோர் அங்கத்தவரின் சம்பளத்திலிருந்தும் ஆண்டுக்கு 12 பவுண் கழிக்கப்பட்டு, உண்மையாகவே வறுமையுற்ற முன்னாள் அங்கத்தவர்க்கும் விதவையர்க்கும் அதிலிருந்து உதவப்பட்டது. தொடக்கத்தில் அரச பணம் அதில் சேரவில்லை. யாவருக்குமான ஒழுங்கான இளைப்பாற்றுச் சம்பளம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வந்தது. அதற்கும் அங்கத்தவர் தம் பங்கைச் செலுத்தவேண்டும். பத்தாண்டுச் சேவையும் 65 வயதும் நிறைந்திருக்கவேண்டும். ஆசனமிழந்தோர் வேறு தொழில் தேடும்வரை சில மாதச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு 1970களிலேதான் வந்தது.

இவ்விடத்தில் ஒரு வரிசையைக் கவனித்தல் வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 70 வயது கடந்த ஏழைகளுக்கு 1909 ஜனவரி முதல் வாரத்துக்கு 5 சிலிங் முதியோர் சம்பளம் கிடைத்தது. அற்பத் தொகைதான், ஆண்டுக்குக் கூட்டினாலும் 13 பவுணே. ஆயினும் குடிமகனின் முதுமைக்கு அரசு பொறுப்பேற்று 56 ஆண்டுகள் சென்றபின்னரே, பிரதிநிதியின் முதுமைக்கான ஒழுங்கான திட்டம் சட்டமாயிற்று. அதனாலேயே 1965இல் அதனைக் கண்டு மக்கள் கொதித்தெழவில்லை என்பது என் கருத்து.

வரிசை மாறினால் என்ன நேரும் என்பதை ஐக்கிய அமெரிக்கா காட்டியது. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு ஏழு வாரங்கள் நிறையுமுன், 1942 ஜனவரி 24ஆந் திகதி, காங்கிரஸ் அங்கத்தவரையும் சனாதிபதியையும் அரசாங்க ஊழியரின் இளைப்பாற்றுத் திட்டத்தில் சேர்க்கும் சட்டம் கையொப்பமாயிற்று. இளைஞர் போர்முனைக்கு அழைக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை அது. மக்கள் சீறினர். பிரித்தானிய மக்களுக்கு உடுப்பு மூட்டைகள் அனுப்பும் இயக்கமொன்று அக்காலத்தில் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அதனைப் பரிகசிக்குமுகமாக, வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்தவர் சிலர் "காங்கிரசுக்கு மூட்டைகள்" என்ற இயக்கத்தைத் தொடங்கினர். ஏழைச் செனற்றர்களுக்கென்று பழைய உடுப்புகளும் தேய்ந்த சப்பாத்துகளும் திரட்டப்பட்டன. நாடே சிரித்தது. மார்ச் மாதம் பிறந்து ஒரு வாரத்துள் அந்த இளைப்பாற்றுச் சம்பளம் நீக்கப்பட்டது.

மக்களின் சீற்றம் வென்ற கதை என்று இதனை விட்டுவிடலாம். ஆனால் நீக்குதலுக்குச் செனற் சபையில் முன்னின்றவர் யார்? வேர்ஜினியா மாநிலத்தின் ஹரி பேர்ட். பரந்த அப்பிள் தோட்டங்களுக்கு உடையவர். வாக்களிப்பதற்குத் தலைவரி கட்டவேண்டும் என்ற விதியால் கறுப்பு மக்களையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்திய ஒரு மாநிலத்தின் அரசியல் யந்திரத்தை இயக்கியவர். அவருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் எதற்கு? மக்களின் நியாயமான கோபம் அவரைப் போன்றோருக்கு மலிவாகக் கிடைத்த கேடயமாயிற்று. மூட்டை கட்டிய ஸ்போகேன் மக்களும் ஒன்றைக் கேட்க மறந்தனர். 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்புறுதியிலிருந்து பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் விலக்கப்பட்டிருந்தனர். தென் மாநிலங்களில் அவர்களுட் பெரும்பாலார் கறுப்பு மக்கள். 1946இல் காங்கிரஸ் தன் சம்பளத்தை 10,000 டொலரிலிருந்து 12,500 டொலராக உயர்த்தி, இளைப்பாற்றுச் சம்பளத்தையும் அமைதியாக மீட்டுக்கொண்டது. பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் ஓரளவுக்கேனும் உட்சேர்க்கப்பட்டது 1950இலேயாம்.

எமது நாட்டுக்கு வருவோம். இங்கு அங்கத்தவருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் வழங்கியது 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். அவ்வாண்டில் தேசிய அரசுப் பேரவை இயற்றிய முதற் சட்டமே தன் அங்கத்தவரைப் பற்றியதாக இருந்தது. அப்பேரவையின் கதையையும் உடன் நோக்குதல் தகும். 1970 மே மாதம் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான சபை, 1972 மே 22ஆந் திகதிய அரசியலமைப்பின் மூலம் தன் ஆயுளைத் தானே 1977 வரை நீட்டிக்கொண்டது. இளைப்பாற்றுச் சம்பளத்துக்கு வேண்டிய சேவைக்காலமோ ஐந்தாண்டு. அரசாங்க ஊழியருக்குப் பத்தாண்டு. அவர்களை ஆளும் சட்டத்தை ஆக்குவோருக்கு அதில் பாதி. 1977 யூலை 21ஆந் திகதித் தேர்தலில், 168 ஆசனங்களுள் இலங்கைச் சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனமேனும் பெறவில்லை. தோல்வியை முன்னறிந்து செய்த சட்டம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்தச் சபையிலிருந்தவரிற் பெரும்பாலாருக்கு அது உடனடியாகவே தேவைப்பட்டது.

1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் முன்னாள் சனாதிபதிகளுக்கு வழங்கிய உரிமைகளில் இந்தச் சிறு கூச்சமும் இல்லை. அப்போது பதவியிலிருந்தவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன, 1989 ஜனவரியில் விலகிச்சென்ற அவரே அச்சட்டத்துக்கு உரியவரான முதல் நிறைவேற்றதிகாரச் சனாதிபதி. 2025இல் ஒழிந்தது இச்சட்டமே. அரசியலமைப்பின் வழிவந்த சனாதிபதி இளைப்பாற்றுச் சம்பளம் அதனால் தொடப்படவில்லை. 2024இல் அளித்த வாக்குறுதிப்படி, அதே அரசாங்கம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்க முற்பட்டது.

மாளிகைகள் மீட்கப்படவேண்டியவையே, அதில் இரு கருத்தில்லை. ஆனால் சாதாரண அங்கத்தவரின் நிலை வேறு. நாளை ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணோ, கடற்றொழிலாளியோ, தொண்டராசிரியரோ பாராளுமன்றம் செல்வாராயின், ஐந்தாண்டின் பின் அவர் எங்கே செல்வார்? வணிகக் கம்பனி ஒன்றின் கதவைத் தட்டாமல், வாக்களித்த மக்களிடமே அவர் தலைநிமிர்ந்து திரும்புவதற்கு ஏதேனும் ஒரு வழி இருந்தாகவேண்டும். அந்த வழி, அவரை அனுப்பியோருக்குள்ள வழியைவிட அகலமாக இருத்தல் ஆகாது. தம் சம்பளத்திலிருந்து பங்கு செலுத்தி, மற்றைய உழைப்பாளர் இளைப்பாறும் வயதிலே பெறும் ஒரு தொகையை நான் எதிர்க்கமாட்டேன்.

இங்கு மற்றைய உழைப்பாளருக்கு இருப்பது யாது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி பெரும் சாதனையே. ஆயினும் தனியார் துறை ஊழியனும் தோட்டத் தொழிலாளியும் அதிலிருந்து பெறுவது ஒருமுறை வரும் மொத்தத் தொகை. அது பழைய கடனுக்கும் மகளின் கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டால், அடுத்த மாதத்துக்கு எதுவும் இல்லை. 1987இல் சட்டமான விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம், நிதி வற்றியமையால் இடையிலே கொடுப்பனவு நின்று தவித்தது. பணிக்கொடைக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பாராளுமன்ற அங்கத்தவருக்கு 1977இல் விதித்த அதே ஐந்தாண்டுச் சேவையை அதுவும் விதிக்கிறது. ஐந்தாண்டு நிறைந்த அங்கத்தவருக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது ஆயுள்வரை மாதந்தோறும் ஒரு தொகை. நாட்கூலிக்கு உழைக்கும் தொழிலாளிக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பது ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலி. ஐந்தாண்டு கொழுந்து பறித்த பெண்ணுக்கு, ஒரே ஒருமுறை, எழுபது நாட் கூலி.