மெழுகு ஊசியிலிருந்து வெள்ளை ஊசி வரை

கலியாணக் காலம் தொடங்கினால் எங்கட கம்பஸ் கன்ரீனில் 'வெள்ளையாக்கிற ஊசி' பற்றின கதையும் தொடங்கிவிடும். எங்க போடுகினம், எவ்வளவு முடியும் என்றுதான் கேட்போம். ஊசி போடுகிறவர் ஆர், அதுக்குள்ள என்ன இருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை.

அழகுக்காக ஊசி ஏற்றுவது புதுசு இல்லை. 1899இல் வியன்னாவில் ரொபேர்ட் கெர்சுனி என்ற வைத்தியர் வஸலினை உடலுக்குள் ஏற்றிப் பார்த்தார். கொஞ்சக் காலத்திலேயே மூக்கு, மார்பு என்று பரபின் மெழுகு ஏற்றுவது நாகரிகமாகிவிட்டது. மெழுகு போட்ட இடத்தில் நிற்கவில்லை. கட்டியானது, இரத்தக்குழாயை அடைத்தது, சிலருக்குக் கண்ணும் போனது. மார்ல்பரோ சீமாட்டி கிளடிஸ் டீக்கனின் மூக்கில் ஏற்றிய மெழுகு நாடிக்கு இறங்கினது அந்தக் காலத்தில் பெரிய கதை.

வசதியானவர்கள் பிறகு அதை விட்டுவிட்டார்கள். ஊசி வசதியில்லாதவர்களிடம் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யப்பானில், அமெரிக்கப் படையினரை நம்பிப் பிழைத்த பெண்கள் மார்பில் திரவ சிலிக்கோன் ஏற்றிக்கொண்டார்கள். பிரேசிலில் அது திருநங்கையரிடம் வந்தது. அவர்களோடு வாழ்ந்து டொன் குலிக் எழுதிய புத்தகம் 1998இல் வந்தது. அங்கே தொழிற்சாலைச் சிலிக்கோனை ஏற்றுகிறவரும் இன்னொரு திருநங்கைதான். துளையைப் பசை வைத்து ஒட்டுவார்களாம். வைத்தியரிடம் போனால் அவமானம், காசும் இல்லை. தன்னைப்போன்ற ஒருத்தியின் கையை நம்பினார்கள்.

அந்தக் கை அன்பானதாக இருக்கலாம். கிருமிக்கு அது தெரியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் அனுமதியில்லாத ஒரு அழகு நிலையத்தில் முகத்துக்கு ஊசி போட்ட பெண்ணுக்கு 2018இல் எச்.ஐ.வி. உறுதியானது. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் சாப்பாட்டோடு இருந்தன. இன்னும் சில வாடிக்கையாளருக்கும் தொற்று இருந்தது. ஒருத்தருக்குப் போட்ட ஊசி இன்னொருத்தருக்குப் போனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி வைரசுகளும் இப்படித்தான் கடக்கும்.

இலங்கையில் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வைத்து இன்றைக்கும் திருநங்கையரைப் பிடிக்கிறார்கள். 2016இல் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் எடுக்கமுதல் மனநல வைத்தியரிடம் போகவேணும், அதுக்குக் கிளினிக் வாங்கிலில் இருக்கவேணும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படி இருந்தவ. தாதி பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட, முழு வாங்கிலும் திரும்பிப் பார்த்ததாம். அதுக்குப் பிறகு அவ ஹோர்மோன் ஊசியைச் சிநேகிதியின் வீட்டில்தான் போடுறா. "அவள் என்ர பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்" என்றா.

ஒவ்வொரு முறையும் புது ஊசியோ என்று கேட்டோம்.

"கிடைச்சால்" என்றா.