நெடுமுப்போட்டி நிலைமாற்றம்

நெடுமுப்போட்டி நிலைமாற்றம் என்பது, டிரையத்லான் எனப்படும் நெடுமுப்போட்டியில் ஒரு வீரர் ஒரு பிரிவை முடித்து அடுத்த பிரிவுக்கு மாறும் கட்டமாகும். நீச்சலில் இருந்து மிதிவண்டிக்கு மாறுவது முதல் நிலைமாற்றம் (டி1) என்றும், மிதிவண்டியில் இருந்து ஓட்டத்துக்கு மாறுவது இரண்டாம் நிலைமாற்றம் (டி2) என்றும் அழைக்கப்படுகின்றன. போட்டி தொடங்கியது முதல் முடியும் வரை கடிகாரம் நிறுத்தப்படுவதில்லை. எனவே உடை, காலணி மாற்றும் நேரமும் வீரரின் மொத்த நேரத்தில் சேரும். இதனால் நிலைமாற்றம் நான்காவது பிரிவு என்றும் குறிப்பிடப்படுவதுண்டு.

முக்கியத்துவம்

2000 சிட்னி ஒலிம்பிக்கில் நெடுமுப்போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம் ஆகியவை இடம்பெறுகின்றன. இதில் முன்செல்பவரின் பின்னால் நெருங்கிச் சென்று காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. முதல் நிலைமாற்றத்தில் சில நொடிகள் தாமதிப்பவர் முன்னணிக் குழுவைத் தவறவிட்டு, தனியாகக் காற்றை எதிர்த்து மிதிக்க நேரிடும். அச்சில நொடிகள் 40 கி.மீ. முடிவில் பெரும் இடைவெளியாக வளரக்கூடும்.

2012 இலண்டன் ஒலிம்பிக் மகளிர் போட்டியில் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக், சுவீடனின் லிசா நோர்டன் இருவருக்கும் 1 மணி 59 நிமிடம் 48 நொடி என்ற ஒரே நேரம் பதிவானது. முடிவுக்கோட்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தைக் கொண்டு ஸ்பிரிக்குக்குத் தங்கம் வழங்கப்பட்டது.

விதிகள்

* தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பின்னரே மிதிவண்டியை நிறுத்தத்தில் இருந்து எடுக்கவேண்டும். மிதிவண்டியைத் திரும்ப நிறுத்திய பின்னரே வாரைக் கழற்றவேண்டும்.
* மாற்றுப் பகுதிக்குள் மிதிவண்டியை ஓட்டிச் செல்லக்கூடாது, தள்ளிக்கொண்டே செல்லவேண்டும்.
* ஏறுகோட்டைக் கடந்த பின்னரே மிதிவண்டியில் ஏறவேண்டும். இறங்குகோட்டுக்கு முன்னரே இறங்கிவிடவேண்டும்.
* பிறருடைய இடத்தையோ பொருட்களையோ இடையூறு செய்யக்கூடாது.

விதி மீறலுக்குத் தண்டனை நேரம் உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக் ஆடவர் போட்டியில் பிரித்தானியாவின் ஜொனாதன் பிரவுன்லி முன்னதாகவே மிதிவண்டியில் ஏறியதற்காக 15 நொடித் தண்டனை பெற்றார். ஓட்டத்தின்போது அந்த 15 நொடிகள் நின்றுவிட்டுத் தொடர்ந்த அவர் வெண்கலம் வென்றார். அவரது அண்ணன் அலிஸ்டர் பிரவுன்லி தங்கம் வென்றார். அவசரத்தால் மிச்சமாகும் நேரத்தைவிட இழக்கும் நேரம் அதிகமாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

விரைவாக்கும் முறைகள்

முதல் நிலைமாற்றம்: வெட்சூட் எனப்படும் இரப்பர் நீச்சலுடையை அணிந்தவர்கள், நீரை விட்டு வெளியேறி ஓடும்போதே அதன் பற்பிணையைத் திறந்து இடுப்பு வரை இறக்கிவிடுகின்றனர். உடை உலர்வதற்கு முன் எளிதாகக் கழலும் என்பது இதற்குக் காரணம். கணுக்காலில் மசகு பூசிக்கொள்வதும் உதவும். மிதிவண்டிக் காலணிகள் முன்கூட்டியே மிதிகட்டைகளில் பொருத்தப்பட்டு, மெல்லிய இரப்பர் வளையங்களால் கிடைமட்டமாக நிறுத்தப்படுகின்றன. வீரர் வெறுங்காலுடன் ஓடி ஏறியதும் வளையங்கள் அறுந்துவிடும்; வேகம் பிடித்த பின்னர் கால்களைக் காலணிக்குள் நுழைக்கலாம்.

இரண்டாம் நிலைமாற்றம்: இறங்குகோட்டை அடையும் முன்னரே கால்களைக் காலணிகளில் இருந்து விடுவித்து, அவற்றின் மேல் வைத்து மிதித்து வருகின்றனர். ஓட்டக் காலணிகளில் முடிச்சுப் போடத் தேவையில்லாத மீள்நாடாக்கள் கோக்கப்படுகின்றன. குறுந்தூரப் போட்டிகளில் பலர் காலுறை அணிவதில்லை. உராய்வைக் குறைக்கக் காலணிக்குள் முகப்பூச்சுத் தூள் தூவுவதுண்டு.

இரு நிலைமாற்றங்களுக்கும் பொருட்களைப் பயன்படுத்தும் வரிசையிலேயே அடுக்கி வைப்பதும், நீர்வாயிலில் இருந்து தமது இடத்துக்கான வழியைப் போட்டிக்கு முன் நடந்து பார்ப்பதும் அடிப்படையானவை.

பயிற்சி

ஓடும் மிதிவண்டியில் ஏறுவதும் இறங்குவதும் தவறினால் விழ நேரிடும். எனவே அவை போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் பழகப்படுகின்றன. மிதிவண்டியை விட்டு இறங்கியதும் கால்கள் கனத்திருக்கும்; இதைப் பழக்கப்படுத்த, மிதிவண்டிப் பயிற்சி முடிந்தவுடன் சிறிது தூரம் ஓடும் இணைப்புப் பயிற்சி மேற்கொள்ளப்படுகிறது. புதியவர்களுக்குக் காலணியை மிதிகட்டையில் பொருத்தும் முறை கட்டாயமன்று. காலணியை அணிந்துகொண்டு கோடு வரை ஓடி ஏறுவது பாதுகாப்பானதாகும்.