அர்ஜுன் (டாங்கி)

அர்ஜுன் என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை முதன்மைப் போர் டாங்கி ஆகும். இது சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு, அதே ஊரில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டப்படுகிறது. மகாபாரதத்தின் அருச்சுனனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. 1974இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதல் டாங்கிகள் தரைப்படையிடம் ஒப்படைக்கப்பட 30 ஆண்டுகள் ஆயின.

தமிழ் நாளிதழ்கள் டாங்கியைப் பல நேரங்களில் பீரங்கி என்றே எழுதுகின்றன. பீரங்கி என்பது டாங்கியின் மேல் பொருத்தப்பட்ட சுடுகலன் மட்டுமே. இக்கட்டுரையில் ஊர்தி முழுவதும் டாங்கி என்றும், சுடுகலன் பீரங்கி என்றும் குறிக்கப்படுகின்றன.

பின்னணி

இந்தியா தன் மண்ணில் கட்டிய முதல் டாங்கி விஜயந்தா ஆகும். பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பைக் கொண்ட இது, 1965 முதல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. உரிமம் பெற்றுக் கட்டுவது வேறு, சொந்தமாக வடிவமைப்பது வேறு. 1971 போருக்குப் பின், விஜயந்தாவுக்கு அடுத்த தலைமுறை டாங்கியை நாட்டிலேயே வடிவமைக்க முடிவு செய்யப்பட்டது. தரைப்படை 1972இல் தன் தேவைகளை வரையறுத்தது. 1974 மே மாதம் அரசு 15.5 கோடி ரூபாயை ஒதுக்கியது. ஆவடி ஆராய்ச்சி நிறுவனம் 1976இல் நிறுவப்பட்டது. அதாவது, டாங்கித் திட்டம் முதலில் வந்தது. அதை நடத்தவேண்டிய நிறுவனம் அதன் பின்னரே வந்தது.

உருவாக்கம்

தொடக்கத்தில் எண்ணப்பட்டது 40 டன் அளவிலான, 105 மி.மீ. பீரங்கி கொண்ட ஊர்தி. பின்னர் பீரங்கி 120 மி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. பீரங்கி பெரிதானால் குண்டுகள் பெரிதாகும். அவற்றை வைக்க இடம் வேண்டும். அந்த இடத்தைச் சுற்றிக் கவசம் வேண்டும். அத்தனையையும் இழுக்க வலுவான இயந்திரம் வேண்டும். ஒரு எண்ணை மாற்றினால் ஏனைய எண்கள் அனைத்தும் மாறும் என்பது டாங்கி வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல். அர்ஜுனின் எடை இறுதியில் 58.5 டன்னில் நின்றது.

1980களில் பாகிஸ்தான் அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கிகளை வாங்கக்கூடும் என்ற அச்சமும் இந்தியாவில் இருந்தது. பாகிஸ்தான் அதிபர் சியா உல் ஹக் 1988 ஆகஸ்ட் 17 அன்று பகவல்பூர் அருகே ஆப்ராம்சின் செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். பாகிஸ்தான் ஆப்ராம்சை வாங்கவில்லை. ஆனால் அதற்கு ஈடாக எண்ணப்பட்ட எடையும் கவசமும் அர்ஜுனில் தங்கிவிட்டன.

முதல் மாதிரி ஊர்தி 1985இல் பொதுப்பார்வைக்கு வந்தது. 1990களில் ராசஸ்தான் பாலைவனச் சோதனைகளில், கடும் வெப்பத்தில் இலக்குக் கட்டுப்பாட்டு அமைப்பின் மின்னணுப் பகுதிகள் பழுதடைந்தன. 1995 வாக்கில் உருவாக்கச் செலவு 300 கோடி ரூபாயைத் தாண்டியது. தணிக்கை அறிக்கைகளும் நாடாளுமன்றக் குழுக்களும் கேள்வி எழுப்பின.

இயந்திரம்

அர்ஜுனின் வரலாற்றில் மிகுதியாகக் கற்கவேண்டிய பகுதி இதுவே. முதலில் எரிவளிமச் சுழலியும், பின்னர் 1500 குதிரைத்திறன் கொண்ட, காற்றால் குளிர்விக்கப்படும் உள்நாட்டு டீசல் இயந்திரமும் திட்டமிடப்பட்டன. இரண்டும் கைகூடவில்லை. மாதிரி ஊர்திகளை ஓட்டிப் பார்ப்பதற்காகச் செருமனியின் எம்.டி.யூ. நிறுவனத்தின் 1400 குதிரைத்திறன் டீசல் இயந்திரமும், ரெங்க் நிறுவனத்தின் கியர் பெட்டியும் வாங்கப்பட்டன. இடைக்கால ஏற்பாடாக வந்தவை நிலையாகிவிட்டன.

டாங்கி இயந்திரம் லாரி இயந்திரத்தைப் பெரிதாக்கியது அன்று. குறைந்த இடத்தில், தூசியிலும் 50 பாகை வெப்பத்திலும், திடீர் வேகமாற்றங்களைத் தாங்கி உழைக்கவேண்டும். உயர்வெப்ப உலோகக் கலவைகள், சுழலேற்றிகள், எரிபொருள் செலுத்தும் கருவிகள் எனப் பல தொழில்கள் ஒருங்கே வளர்ந்திருந்தால்தான் அது இயலும். 1970களின் இந்தியாவில் அந்தத் தொழில்களின் அடித்தளம் போதியதாக இல்லை. விளைவாக முதல் வகை அர்ஜுனின் மதிப்பில் பாதிக்கு மேல் இறக்குமதிப் பொருட்களாகவே இருந்தது.

அமைப்பு

அர்ஜுனில் நால்வர் பணியாற்றுவர்: தலைவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். உருசிய வடிவமைப்பான டி-72, டி-90 டாங்கிகளில் தானியங்கி நிரப்பி இருப்பதால் மூவர் போதும். ஆகவே அவை சிறியவை. டி-90எஸ் ஏறக்குறைய 46.5 டன் எடை கொண்டது. ஆனால் அவற்றில் குண்டுகள் வீரர்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கவசம் துளைக்கப்பட்டு அவை தீப்பற்றினால் மேற்கூண்டே பிய்த்தெறியப்படும். 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில் இது பலமுறை காணப்பட்டது. அர்ஜுனின் எடைக்குக் கிடைத்த பயன்களில் ஒன்று, குண்டுகளைத் தனிக் கலன்களில் அடைத்து வைக்க முடிந்தது.

காஞ்சன் எனப்படும் கூட்டுக்கவசம் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் உருவானது. அந்த ஆய்வகம் அமைந்துள்ள காஞ்சன்பாக் பகுதியின் பெயரே கவசத்தின் பெயராயிற்று.

புனேயில் வடிவமைக்கப்பட்ட 120 மி.மீ. பீரங்கியின் குழலுள் வரிப்பள்ளங்கள் உள்ளன. பெரும்பாலான நாடுகள் வழுவழுப்பான குழலுக்கு மாறிவிட்ட காலத்தில், பிரித்தானியாவின் சேலஞ்சரைப் போல அர்ஜுன் பழைய முறையைத் தக்கவைத்தது. இலக்கின் மேல் களிமண்போல் அப்பிப் பின் வெடிக்கும் குண்டுகளுக்குச் சுழற்சி நன்மை தரும். பதுங்கு அரண்களை உடைக்க அவை ஏற்றவை. கவசம் துளைக்கும் அம்புக் குண்டுகளுக்கோ சுழற்சி இடையூறே. குழல்வழி ஏவப்படும் ஏவுகணையைச் சேர்க்கும் முயற்சி நீண்டகாலம் இழுபட்டது. உள்நாட்டு ஏவுகணை ஒன்று 2020 செப்டம்பரில் அகமதுநகரில் அர்ஜுனிலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்டது.

நீர்மவளிமத் தொங்கமைப்பும் அகலமான சங்கிலித் தடங்களும் இருப்பதால், தரையில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.85 கிலோகிராம் மட்டுமே. கனமான ஊர்தி மணலில் புதையும் என்ற பரவலான எண்ணம் சரியன்று. எடையின் உண்மையான தொல்லை வேறிடத்தில் உள்ளது: பாலங்கள், தொடருந்து வேகன்கள், டாங்கிகளைச் சுமக்கும் இழுவைகள். பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள் பல இந்த எடைக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

படையில் சேர்ப்பு

2000ஆம் ஆண்டு 124 டாங்கிகளுக்கு ஆணை தரப்பட்டது. 2004 ஆகஸ்டில் முதல் டாங்கிகள் ஒப்படைக்கப்பட்டன. 2007-08 சோதனைகளில் கியர் பெட்டிகள் பழுதடைந்தன; 124க்கு மேல் வாங்கப்போவதில்லை என்று தரைப்படை 2008இல் கூறியது. 43ஆவது கவசப் படைப்பிரிவு 2009இல் 45 அர்ஜுன்களைக் கொண்ட முதல் முழுப்பிரிவாயிற்று.

2010இன் தொடக்கத்தில் ராசஸ்தானில் அர்ஜுனும் டி-90உம் தலா 14 டாங்கிகளுடன் ஒப்பீட்டுச் சோதனையில் இறக்கப்பட்டன. விரிவான முடிவுகள் அரசால் வெளியிடப்படவில்லை. அர்ஜுன் சமமாகவோ மேலாகவோ செயற்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாண்டு மே மாதம் மேலும் 124 டாங்கிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் அதற்குள் முதன்மை இடம் டி-90க்குப் போய்விட்டது. 2001இல் 310 டாங்கிகளுக்கான ஒப்பந்தத்துடன் தொடங்கி, டி-90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கைக்குத் திட்டமிடப்பட்டது. அதுவும் ஆவடியின் அதே தொழிற்சாலையில்தான் கட்டப்படுகிறது. நூற்றுச்சொச்சம் டாங்கிகளுக்காக எந்தத் துணைத்தொழில் நிறுவனமும் தனி உற்பத்தி வரிசையை அமைக்காது. ஆணை சிறிதாக இருந்ததால் விலை ஏறியது. விலையைக் காட்டியே ஆணை மறுக்கப்பட்டது.

மேம்படுத்தப்பட்ட எம்.கே.-1ஏ வகையில் 71 மாற்றங்கள் செய்யப்பட்டன. இதன் முதல் டாங்கியை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் நரேந்திர மோடி தரைப்படைத் தளபதியிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை தரப்பட்டது. எடை 68 டன்னாக உயர்ந்தும் இயந்திரம் அதே 1400 குதிரைத்திறன்தான். டன்னுக்கு 24 குதிரைத்திறனாக இருந்தது 21க்கும் கீழே இறங்கியது. பழைய வகைச் செருமானிய இயந்திரங்கள் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டதாகப் பின்னர் செய்திகள் வந்தன.

அடுத்த தலைமுறை

டி-72 டாங்கிகளுக்கு மாற்றாக எதிர்காலப் போர் ஊர்தித் திட்டத்தை தரைப்படை வகுத்தது. இதற்கான தகவல் கோரிக்கைகள் 2015, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளியிடப்பட்டன; கடைசியானதில் எண்ணிக்கை 1,770 எனக் குறிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் முதற்கட்ட ஒப்புதல் அளித்தது.

இதற்கிடையே 2020இல் லடாக்கில் சீனாவுடன் ஏற்பட்ட மோதல் எதிர்த்திசையில் ஒரு தேவையை உருவாக்கியது. உயர்மலையில் இயங்க 25 டன் எடை கொண்ட சொராவர் என்ற இலகு டாங்கியை ஆவடி நிறுவனமும் லார்சன் அண்ட் டூப்ரோவும் உருவாக்கின. 105 மி.மீ. பீரங்கி கொண்ட இது 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டது. அர்ஜுனுக்கு 1970களில் எண்ணப்பட்ட அதே 1500 குதிரைத்திறன் அளவில், உள்நாட்டு டாங்கி இயந்திரம் ஒன்று 2024 மார்ச் 20 அன்று மைசூரில் உள்ள பி.இ.எம்.எல். ஆலையில் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது.